பிற்கால ரோமானிய வெண்கலக் காசுகளில் பேரரசர் உருவம்

முன்னுரை

ரோமானியப் பேரரசின் வரலாற்றை எழுதியோர் பொன்னாலும் வெள்ளியாலும் ஆன காசுகளுக்குத் தந்த இடத்தை வெண்கலக் காசுகளுக்கு நெடுங்காலம் தரவில்லை. அதிலும் கி.பி. 284இல் டயோக்ளீஷியன் ஆட்சிக்கு வந்தது முதலாகத் தொடங்கும் பிற்காலப் பேரரசின் வெண்கலக் காசுகள், உருவில் சிறியனவாகவும் தேய்ந்தனவாகவும் பெருந்தொகையாகக் கிடைப்பனவாகவும் இருத்தலால் கலையழகு தேடுவோரின் கவனத்தை ஈர்க்கவில்லை. ஆயினும் பேரரசின் குடிமக்களுள் பெரும்பாலோர் நாள்தோறும் கையாண்டவை இக்காசுகளே. பொற்காசு வரியாகவும் படைவீரர்க்குரிய பரிசிலாகவும் பெருவணிகரின் சேமிப்பாகவும் இயங்கியது. ரொட்டிக்கும் எண்ணெய்க்கும் விறகுக்கும் கைமாறியது வெண்கலம். ஆகவே பேரரசர் தம்மைப் பொதுமக்கள்முன் எவ்வாறு காட்டிக்கொள்ள விழைந்தார் என்பதை அறிய வெண்கலக் காசே நெருங்கிய சான்றாகும்.

இக்காசுகளின் முன்பக்கத்தில் பேரரசரின் தலையும் பெயரும் அமையும். பின்பக்கத்தில் ஓர் உருவக் காட்சியும் அதனைச் சுட்டும் இலத்தீன் தொடரும் அமையும். அதன் அடியில் காசு அடிக்கப்பட்ட அக்கசாலையின் குறியீடு இருக்கும். முன்பக்கம் யார் ஆள்கிறார் என்பதையும் பின்பக்கம் அவ்வாட்சி எத்தகையது என்பதையும் கூறுவதாகக் கொள்ளலாம். இவ்விரண்டில் பின்பக்கம் கூறுவதை வரலாற்றுச் செய்தியாக எந்த அளவு ஏற்பது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. வெற்றி என்று காசு கூறும் ஆண்டில் வெற்றி நிகழ்ந்ததா? அமைதி என்று கூறும் ஆண்டில் அமைதி நிலவியதா? காசுகளை மட்டுமே கொண்டு ஓர் ஆட்சியின் நிலையை வரைந்துவிடும் போக்கு நாணயவியல் நூல்களில் இன்றும் காணப்படுதலின் இவ்வினா வேண்டப்படுகிறது.

நால்வர் ஆட்சியும் ஒரே முகமும்

டயோக்ளீஷியன் கி.பி. 294ஆம் ஆண்டையொட்டிக் காசுமுறையைச் சீர்திருத்தினார். அப்போது சுமார் 10 கிராம் எடையுடைய, மேலே மெல்லிய வெள்ளிப் பூச்சுக் கொண்ட பெரிய வெண்கலக் காசு ஒன்று வெளிவந்தது. சேகரிப்பாளர் இதனை 'ஃபோலிஸ்' என்று அழைப்பர். அச்சொல் முதலில் காசு முடிந்த பையைக் குறித்தது. காசைக் குறிக்க 'நும்மஸ்' என்பதே பொருத்தமானது. இதன் பின்பக்கத்தில் ரோமானிய மக்களின் காவல் தெய்வமான 'ஜீனியஸ்', ஒரு கையில் படையல் தட்டும் மறுகையில் வளக்கொம்பும் ஏந்தி நிற்கிறது. மேற்கே லண்டன், டிரியர் முதல் கிழக்கே அந்தியோக்கியா, அலெக்சாந்திரியா வரை அக்கசாலைகள் இக்காட்சியையே பெருமளவில் அடித்தன. முன்னைய நூற்றாண்டுகளில் கிழக்கு நகரங்கள் தத்தம் தெய்வங்களையும் கோயில்களையும் தம் காசுகளில் பொறித்து வந்தமையை நினைவிற்கொண்டால் இவ்வொருமையின் புதுமை விளங்கும்.

முன்பக்கத்தில் இதனினும் வியப்பான ஒருமை உள்ளது. அக்காலத்தில் இரு மூத்த பேரரசரும் இரு இளையோருமாக நால்வர் பேரரசைப் பகுத்தாண்டனர். நால்வர் முகமும் ஏறத்தாழ ஒரே முகமாகக் காசில் காட்சியளிக்கிறது. தடித்த கழுத்து, சதுரமான தலை, ஒட்ட வெட்டிய தாடி, விரித்த கண் ஆகியவை எல்லார்க்கும் பொது. பெயரைப் படித்தாலன்றி இவர் டயோக்ளீஷியன், இவர் மாக்சிமியன் என்று பிரித்தறிதல் அரிது. அச்சு வெட்டியோரின் திறமைக் குறைவு என்று இதனைக் கருதுதல் பொருந்தாது. நீரோ, வெஸ்பேசியன், ஹேட்ரியன் ஆகியோரின் காசுகளில் முகத்தின் சுருக்கத்தையும் வடித்துக் காட்டிய மரபு அவர்களுக்குப் பின்னால் இருந்தது. நால்வரும் ஓருயிர் என்னும் அரசியல் கருத்தே இவ்வாறு உருவம் பெற்றது. வெனிஸ் நகரில் புனித மாற்கு பேராலயத்தின் மூலையில் பதிக்கப்பட்டுள்ள, ஒருவரையொருவர் தழுவி நிற்கும் நால்வர் சிற்பமும் இக்கருத்தையே கூறுகிறது.

காசு கூறிய ஒற்றுமை சந்தையில் நிலைக்கவில்லை. அப்ரோடிசியஸ் நகரில் கிடைத்த கல்வெட்டு, கி.பி. 301 செப்டம்பர் முதல் நாளிலிருந்து காசுகளின் மதிப்பு இரட்டிப்பாக்கப்பட்டதை அறிவிக்கிறது. அவ்வாண்டின் இறுதியில் புகழ்பெற்ற விலை உச்சவரம்பு ஆணையும் வந்தது. காவல் தெய்வத்தின் கையிலிருந்த வளக்கொம்பு ஆண்டுதோறும் அச்சேறிக்கொண்டிருந்த வேளையிலேயே விலைவாசி அரசாணைக்கு அடங்காமல் ஏறியது. கி.பி. 307க்குப் பின் காசின் எடையும் படிப்படியாகக் குறைந்து, அடுத்த சில ஆண்டுகளில் பாதிக்கும் கீழானது.

கான்ஸ்டன்டைன்: கதிரவனும் கொடியும்

கான்ஸ்டன்டைன் நால்வர் முகத்தை விலக்கித் தனிமுகத்தை மீட்டார். தாடி மழித்த, கூரிய மூக்குடைய, அகஸ்டஸையும் டிராஜனையும் நினைவூட்டும் இளமை முகம் அவருடையது. அவருடைய சமய மாற்றத்தைக் குறித்த விவாதத்தில் காசுகள் பெரிதும் எடுத்தாளப்பட்டுள்ளன. கி.பி. 312இல் மில்வியப் பாலப் போரில் கிறித்துவின் குறியால் வென்றதாக மரபு கூறும். ஆனால் அதற்குப் பின்னும் ஐந்தாண்டுகளுக்கு மேலாக அவருடைய வெண்கலக் காசுகளில் மிகுதியாகக் காணப்படுவது கதிர்முடி சூடிய சூரிய தெய்வமே. 'வெல்லப்படாத துணைவனாகிய கதிரவனுக்கு' என்பது அத்தொடரின் பொருள். கி.பி. 318ஐ ஒட்டியே கதிரவன் வெண்கலத்திலிருந்து மறைகிறான். அவனுக்குப் பதிலாக வந்ததும் சிலுவை அன்று; இரு வெற்றித் தேவதைகள் பீடத்தின்மேல் கேடயத்தை வைக்கும் காட்சியும், பாசறை வாயிலும், நேர்ச்சை எழுத்துகள் கொண்ட இலைவளையமும் ஆகிய சமயச் சார்பற்ற காட்சிகளே வந்தன. அரசர் மனம் மாறிய நாளைக் காசு காட்டும் என்று எதிர்பார்ப்போர்க்கு இது ஏமாற்றமே. எவரையும் புண்படுத்தாத காட்சிகளைத் தேர்ந்த நிர்வாக முதிர்ச்சியையே இது காட்டுகிறது.

விதிவிலக்காக ஒரு காசு உண்டு. கி.பி. 327ஐ ஒட்டிக் கான்ஸ்டான்டினோபிள் அக்கசாலையில் சிறிதளவே அடிக்கப்பட்ட அதில், உச்சியில் கிறித்துவின் பெயரெழுத்துக் குறி பொருந்திய கொடிக்கம்பம் ஒரு பாம்பை ஊடுருவி நிற்கிறது. 'பொதுமக்களின் நம்பிக்கை' என்பது அதன் தொடர். அரண்மனை வாயிலின் மேல் பேரரசரின் காலடியில் ஊடுருவப்பட்ட பாம்பு ஓவியமாகத் தீட்டப்பட்டிருந்ததை யூசிபியஸ் தம் கான்ஸ்டன்டைன் வரலாற்றில் குறிப்பிடுகிறார். கி.பி. 324இல் தோற்ற லிசினியஸையே அப்பாம்பு சுட்டுவதாகப் பலரும் கொள்வர். எனினும் இக்காசு அரிதாகவே கிடைக்கிறது. பெருவழக்கான காசு கூறியதும் அரிய காசு கூறியதும் ஒன்றல்ல என்பதை மறந்து, அழகிய அரும்பொருளை மட்டும் நூலட்டையில் இடும் வழக்கம் பல பிழையான முடிவுகளுக்குக் காரணமாயிற்று.

இக்காலத்தில் முன்பக்கத்தில் ஏற்பட்ட மாற்றமே நிலைத்த மாற்றம். ரோமானியப் பேரரசர் அதுவரை பெரும்பாலும் லாரல் இலைமாலை சூடியே காசில் தோன்றினர். வென்ற படைத்தலைவன் சூடும் மாலை அது. தமிழ் மரபின் வாகையோடு ஒப்பிடத்தக்கது. கி.பி. 324க்குப் பின் கான்ஸ்டன்டைன் மணிகள் பதித்த பட்டத்தை நெற்றியில் அணிந்தவராகத் தோன்றுகிறார். கிரேக்க முடியரசர்க்கு உரியதாகிய இப்பட்டத்தை முன்னைய ரோமானியர் வெறுத்தனர். தமிழில் நெற்றியில் கட்டும் பட்டையே பட்டம் எனப்பட்டு, பின்னர் அரசுரிமைக்கே பெயரானதை எண்ணினால், நெற்றியில் ஏறிய ஓர் அணி ஆட்சியின் இயல்பையே எவ்வாறு மாற்றிச் சொல்லவல்லது என்பது விளங்கும். அதன்பின் பட்டம் ரோமானியக் காசிலிருந்து நீங்கவேயில்லை.

கி.பி. 330இல் புதிய தலைநகர் அர்ப்பணிக்கப்பட்டபோது பேரரசரின் தலையே இல்லாத இரு காசுகள் வெளிவந்தன. ஒன்றில் தலைச்சீரா அணிந்த ரோமாபுரித் தெய்வமும் பின்பக்கத்தில் இரட்டையர்க்குப் பாலூட்டும் ஓநாயும் உள்ளன. மற்றொன்றில் கான்ஸ்டான்டினோபிள் நகரத் தெய்வமும், கப்பல் முகப்பில் நிற்கும் வெற்றித் தேவதையும் உள்ளன. இவற்றோடு ஒருங்கே வழங்கியது 'படையின் பெருமை' என்னும் காசு. இரு வீரர், அவர்களுக்கிடையே இரு படைக்கொடிகள் என்பது அதன் காட்சி. கி.பி. 335ஐ ஒட்டி இரு கொடிகள் ஒன்றாகக் குறைந்தன. இதற்கு அரசியல் விளக்கம் தேட முனைதல் இயல்பே. ஆனால் அவ்வாண்டில்தான் காசின் எடை சுமார் 2.5 கிராமிலிருந்து 1.7 கிராம் அளவுக்கு இறங்கி, விட்டமும் சுருங்கியது. வட்டம் சுருங்கியதால் கொடி குறைந்தது என்பதே எளிய விளக்கம். உருவத்தின் பொருளை ஆராயுமுன் உலோகத்தின் அளவை ஆராய்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

கி.பி. 337இல் கான்ஸ்டன்டைன் இறந்தபின் அவர் மைந்தர் வெளியிட்ட சிறுகாசு கவனத்திற்குரியது. முன்பக்கத்தில் முக்காடிட்ட தலை. பின்பக்கத்தில் நாற்குதிரைத் தேரில் அவர் மேலேறிச் செல்ல, வானிலிருந்து ஒரு கை கீழிறங்கி அவரை ஏற்கிறது. யூசிபியஸ் இக்காசையும் விவரித்துள்ளார். கையைக் கிறித்தவர் தம் கடவுளின் கை என்று கண்டிருப்பர். தேரேறி விண்புகுதலோ பழைய சமயத்தாரின் அரச தெய்வமாக்கல் காட்சி. தொடரிலும் 'தெய்வமானவர்' என்னும் பழைய அடைமொழியே உள்ளது. இரு சமயத்தாரும் தத்தமக்கு வேண்டியதைக் காணுமாறு ஒரே காட்சி அமைந்தது எனலாம்.

வீழும் குதிரை வீரன்

கி.பி. 348இல் கான்ஸ்டன்ஸும் இரண்டாம் கான்ஸ்டன்டியஸும் புதிய வெண்கலக் காசுகளை வெளியிட்டனர். 'இன்பக் காலத்தின் மீட்சி' என்பது அவற்றின் பொதுத்தொடர். ரோம் நகர் நிறுவப்பட்டதன் 1100ஆம் ஆண்டு நிறைவையொட்டி இவை வெளிவந்தன என்பர். தொடர் ஒன்றாயினும் காட்சிகள் பல. நெருப்பில் மீண்டெழும் பீனிக்ஸ் பறவை, கலத்தில் நின்று செல்லும் பேரரசர், குடிசையிலிருந்து சிறு உருவினன் ஒருவனைக் கைப்பிடித்து அழைத்துவரும் வீரர், கட்டுண்ட சிறைப்பட்டோர் ஆகியன சில. மற்றொன்று, குதிரையிலிருந்து சரியும் பகைவனை ஈட்டியால் குத்தும் ரோமானிய வீரன்.

இவற்றுள் வென்றது கடைசிக் காட்சியே. சில ஆண்டுகளில் பறவையும் கலமும் குடிசையும் மறைந்தன. எல்லா அக்கசாலைகளும் வீழும் குதிரை வீரனையே கோடிக்கணக்கில் அடித்தன. அவன் சில காசுகளில் தாடியும் கூர்த்தொப்பியும் கொண்ட பாரசீகன் போலத் தோன்றுகிறான். சிலவற்றில் வெறுந்தலையனாக இருக்கிறான். வீழ்பவன் திரும்பிப் பார்த்து ஒரு கையை மேலே உயர்த்துகிறான். அது தற்காப்பா, உயிர்ப்பிச்சை வேண்டலா என்பது கண்டறிதற்கரியது. மீட்சியைக் குறிக்க முதலில் மறுபிறப்பும் பயணமும் காட்டப்பட்டன. நிலைபெற்றதோ ஒருவனைக் குத்திக் கொல்லும் காட்சி. முன்னைய நூற்றாண்டுகளின் காசுகளிலும் பகைவர் உருவம் உண்டு. எனினும் அவர்கள் பெரும்பாலும் வெற்றிச் சின்னத்தின் அடியில் அமர்ந்தோராகவே காட்டப்பட்டனர். கொலை நிகழும் கணமே அன்றாடச் சில்லறையின் பொதுப்படமாக ஆனது இக்காலத்துப் புதுமை.

அக்கணம் மெய்யான போரைக் கூறுகிறதா? இரண்டாம் கான்ஸ்டன்டியஸ் கீழ்த்திசையில் இரண்டாம் சாப்பூரோடு நெடும்போர் நடத்தியவர். நிசிபிஸ் நகர் கி.பி. 338, 346, 350 ஆகிய ஆண்டுகளில் மும்முறை முற்றுகையிடப்பட்டும் வீழவில்லை. அது காத்துநின்ற பெருமையே அன்றிப் பகைவனைக் குதிரையிலிருந்து வீழ்த்திய வெற்றி அன்று. கி.பி. 359இல் அமிடா நகர் பாரசீகர் கைப்பட்டது. அம்முற்றுகையில் அகப்பட்டுத் தப்பிய அம்மியானஸ் மார்செலினஸ் அதனை விரிவாக எழுதியுள்ளார். அதற்குச் சற்று முன்னரே வீழும் குதிரை வீரன் மறைந்து, உருண்டையும் ஈட்டியும் ஏந்தித் தனித்து நிற்கும் பேரரசர் உருவமும் 'நாட்டின் நம்பிக்கை' என்னும் தொடரும் வந்துவிட்டன. காசு மிகச் சிறுத்து, முதலில் 5 கிராமுக்குக் குறையாது இருந்த எடை இரண்டு கிராமளவில் நின்றது.

தோல்வியின் காலத்து வெற்றிகள்

இம்முரண் முழுமையாக வெளிப்படுவது கி.பி. 363இல். பாரசீகப் படையெடுப்பில் ஜூலியன் புண்பட்டு இறந்தார். அவர் இடத்தில் படையினரால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜோவியன், படையை மீட்டுக்கொண்டு திரும்புவதற்காக டைகிரிஸுக்கு அப்பாலுள்ள நிலப்பகுதிகளையும் நிசிபிஸ், சிங்காரா ஆகிய நகரங்களையும் பகைவர்க்கு விட்டுக்கொடுத்தார். மும்முறை முற்றுகையைத் தாங்கிய நிசிபிஸ் போரின்றியே கைவிட்டுப் போயிற்று. நகரத்தார் வீடுவாசல் துறந்து வெளியேறினர். அவ்வாட்சியின் பெரிய வெண்கலக் காசில் கொடியும் வெற்றித் தேவதையும் ஏந்தி நிற்கிறார் ஜோவியன். 'ரோமானியரின் வெற்றி' என்பது தொடர். நிசிபிஸிலிருந்து வெளியேறியோர் கையிலும் இக்காசு சேர்ந்திருக்கக்கூடும்.

அடுத்து ஆண்ட வாலண்டினியன், வாலென்ஸ் காலத்தில் இரு காட்சிகள் மட்டுமே பெருவழக்காயின. ஒன்று பேரரசர் கொடியேந்திச் சிறைப்பட்டவனைத் தலைமயிர் பற்றி இழுத்துச் செல்லும் 'ரோமானியரின் பெருமை'; மற்றொன்று வெற்றித் தேவதை இலைவளையம் ஏந்தி நடக்கும் 'நாட்டின் பாதுகாப்பு'. கி.பி. 378 ஆகஸ்டு 9ஆம் நாள் அட்ரியானோபிள் போரில் கோத்தியரிடம் வாலென்ஸ் மடிந்தார். அவர் உடல்கூடக் கிடைக்கவில்லை. அவர் காசுகள் சந்தையில் பாதுகாப்பைக் கூறிக்கொண்டே புழங்கின. அதற்குப்பின் கிரேஷியனும் தியோடோசியஸும் வெளியிட்ட காசில் மட்டும் சிறிது அடக்கம் காணப்படுகிறது. கோட்டைமுடி சூடி மண்டியிட்ட பெண்ணொருத்தியைப் பேரரசர் கைகொடுத்து எழுப்புகிறார். 'நாட்டின் மீட்பு' என்பது தொடர். வீழ்ந்ததை எழுப்புதல் என்று கூறுவதால் வீழ்ந்தது என்பதை ஒப்புக்கொள்ளும் அரிய காசு இது.

தியோடோசியஸ் மரபின் காசுகளில் முகம் மீண்டும் பொதுமுகமாகிறது. வாலண்டினியன், கிரேஷியன், தியோடோசியஸ், ஆர்க்கேடியஸ், ஹொனோரியஸ் ஆகியோரை முகத்தால் பிரித்தறிய இயலாது. முத்துப்பட்டம், மேலாடை ஊக்கு, சலனமற்ற பக்கவாட்டு முகம் ஆகியவையே உள்ளன. டயோக்ளீஷியன் காலத்தில் பொதுமுகம் நால்வரின் ஒற்றுமையைக் குறித்தது. இங்கோ ஆளும் மனிதன் யாராயினும் ஆட்சி ஒன்றே என்பதைக் குறிக்கிறது. சிறுவரும் குழந்தைகளும் அரியணையில் அமர்த்தப்பட்ட காலத்துக்கு இம்முகமே ஏற்றது. இரண்டாம் தியோடோசியஸ் பிறந்த மறு ஆண்டாகிய கி.பி. 402இல் பேரரசராக்கப்பட்டார். அக்காலத்து 'ரோமானியரின் பெருமை' காசொன்றில் மூன்று பேரரசர் ஈட்டியேந்தி நிற்கின்றனர். நடுவில் நிற்பவர் மட்டும் குட்டையானவர். குழந்தையின் வயதை உயரத்தால் ஒப்புக்கொண்ட அச்சு வெட்டுநர், ஈட்டியைக் கொடுக்கத் தவறவில்லை.

கி.பி. 388க்குப் பின் பெருகிய 'நாட்டின் நலம்' என்னும் ஒரு கிராம் காசில் வெற்றித் தேவதை தோளில் வெற்றிச் சின்னத்தைச் சுமந்து, சிறைப்பட்டவனை இழுத்துச் செல்கிறாள். பக்கத்தில் கிறித்துவின் பெயரெழுத்துக் குறி உள்ளது. சுமார் 13 மில்லிமீட்டர் வட்டத்துள் சிறைப்பட்டவன் நெல்மணி அளவே உள்ளான். வெற்றித் தேவதை பழைய சமயத்தவள். குறி புதிய சமயத்தது. ரோமானிய ஆட்சி மன்றத்திலிருந்து அவளுடைய பீடம் அகற்றப்பட்டதை எதிர்த்து கி.பி. 384இல் சிம்மாக்கஸ் முறையிட்டதும், ஆம்புரோஸ் அதனை மறுத்ததும் இலக்கியத்தில் புகழ்பெற்ற விவாதம். மன்றத்தில் இடமிழந்த தேவதை சில்லறைக் காசில் சிறகோடு தொடர்ந்தாள். ரோம் அக்கசாலையில் ஹொனோரியஸ் பெயரால் அடிக்கப்பட்ட மற்றொரு காசு 'இன்பமுறும் நகர் ரோம்' என்று கூறுகிறது. கி.பி. 410இல் அலாரிக் அந்நகரைச் சூறையாடுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் வெளிவந்தது அது.

பார்த்தவர் யார்?

இத்தகைய சான்றுகளைக் கண்டே, காசின் காட்சிகளை மக்கள் பொருட்படுத்தவில்லை என்று அறிஞர் சிலர் கருதினர். ஏ.எச்.எம். ஜோன்ஸ் 1956இல் எழுதிய கட்டுரையில், அஞ்சல்தலைகளின் படத்துக்குத் தரும் அளவு மதிப்பையே இவற்றுக்கும் தரலாம் என்னும் கருத்தில் எழுதினார். சதர்லேண்டு போன்றோர் இதனை மறுத்துக் காசு அரசின் கொள்கை பரப்பும் கருவியே என்றனர். பார்பரா லெவிக் 1982இல் வேறொரு வழி காட்டினார். காட்சிகளைத் தேர்ந்த அலுவலர் மகிழ்விக்க நினைத்தது மக்களை அன்று, பேரரசரையே என்பது அவர் கருத்து. ஜோவியனின் வெற்றிக் காசை நோக்க இக்கருத்தில் உண்மை உண்டு.

ஆயினும் மக்கள் பார்க்கவே இல்லை என்பது மிகைக்கூற்று. ஜூலியனின் பெரிய வெண்கலக் காசில் காளையும் அதன்மேல் இரு விண்மீன்களும் உள்ளன. அந்தியோக்கியாவின் மக்கள் அக்காளையைக் காட்டி அவர் உலகையே குத்திப் பாழாக்குகிறார் என்று எள்ளியதைத் திருச்சபை வரலாறு எழுதிய சாக்ரடீஸ் பதிவு செய்துள்ளார். 'நாட்டின் பாதுகாப்பு' என்றே அக்காசின் தொடர் கூறிற்று. மக்கள் தொடரை விட்டுவிட்டுப் படத்தைப் பிடித்துக்கொண்டனர். அதற்கும் அரசு நினையாத பொருளைத் தந்தனர். ஜூலியனின் நீண்ட தாடியும் அவ்வெள்ளலுக்கு இலக்காயிற்று. கி.பி. 365இல் கிளர்ந்தெழுந்த புரோகோப்பியஸ், ஜூலியனின் உறவினர் என்பதைக் காட்டத் தாடியோடு காசில் தோன்றினார். 'இன்பக் காலத்தின் மீட்சி' என்னும் பழைய தொடரையும் சொல் மாற்றி எடுத்துக்கொண்டார். அவர் முகம் பொறித்த பொற்காசுகளோடு இல்லிரியத்துக்குச் சென்ற தூதர் பிடிபட்டுக் கொல்லப்பட்டதாக அம்மியானஸ் எழுதுகிறார். முகத்துக்கு மதிப்பில்லையெனில் அதனைக் கொண்டுசென்றவர் உயிரிழக்க வேண்டியதில்லை.

தியோடோசியச் சட்டத் தொகுப்பில் கான்ஸ்டன்டைன் மரபினர் காலத்துச் சட்டமொன்று, எடை ஒத்த பொற்காசுகளில் பேரரசரின் முகம் பெரிதாயிருப்பினும் சிறிதாயிருப்பினும் மதிப்பு ஒன்றே என்று ஆணையிடுகிறது. பெரிய முகத்துக்குக் கூடுதல் விலை வைத்தோர் இருந்தனர் என்பது இதனால் பெறப்படும். கி.பி. 353இல் மேக்னென்ஷியஸ் வீழ்ந்தபின் பிரித்தானியாவிலும் காலியாவிலும் அவருடைய காசுகளின்மேலேயே வீழும் குதிரை வீரனைக் கள்ளத்தனமாக அடித்தோர் இருந்தனர். தோற்றவரின் முகம் செல்லாக்காசு ஆனதை அவர்கள் நன்கறிந்திருந்தனர். ஆகவே மக்கள் கூர்ந்து நோக்கியது யாருடைய முகம் என்பதையே. அது செல்லுமா என்பதற்கான விடை அதில் இருந்தது. பின்பக்கத்தின் வெற்றிகளை அவர்கள் நம்பினர் என்று கொள்ளச் சான்று இல்லை.

கடல் கடந்த காசுகள்

இக்காசுகள் பேரரசின் எல்லைக்கு வெளியே மிகுதியாகக் கிடைத்த இடங்களுள் தென்னிந்தியாவும் இலங்கையும் சிறப்பிடம் பெறும். சங்கப் பாடல்கள் கூறும் யவனர் பொன்னோடு இவற்றை இணைத்தல் கூடாது. அப்பொன் முற்காலப் பேரரசுக்கு உரியது. கரூரில் அமராவதி ஆற்று மணலிலும், மதுரை, திருக்கோவிலூர் ஆகிய இடங்களிலும் கிடைத்த சிறு வெண்கலக் காசுகளுள் பெரும்பகுதி 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியையும் 5ஆம் நூற்றாண்டையும் சார்ந்தவை. இரா. கிருஷ்ணமூர்த்தி 1994இல் இவற்றைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். அதற்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன், 1904இல், இராபர்ட் சீவெல் மதுரைக் காசுகளைக் கண்டு, இத்துணைச் சிறுகாசு வணிகத்துக்கு வந்திராது, ரோமானியர் அங்குக் குடியிருந்தனர் போலும் என்று கருதினார். சில்லறைக் காசு தேவைப்பட்ட உள்ளூர்ச் சந்தைக்கு இவை மொத்தமாக வந்து சேர்ந்தன என்னும் கருத்தே இலங்கைச் சான்றுகளோடு நன்கு பொருந்துகிறது.

இலங்கையில் இவை பல்லாயிரக்கணக்கில் கிடைக்கின்றன. அவற்றோடு அங்கேயே அடிக்கப்பட்ட போலிகளும் மிகுதி. போலிகளில் பேரரசரின் தலை பட்டத்தைக் குறிக்கும் புள்ளிகளும் மூக்கைக் குறிக்கும் கோடுமாகச் சுருங்குகிறது. இலத்தீன் எழுத்துகள் நெட்டைக் கோடுகளின் வரிசையாகின்றன. யாருடைய முகம் என்னும் வினாவே இங்கு எழவில்லை. முகம் ஒன்று இருத்தல் வேண்டும், அவ்வளவே. அது இருந்தால் காசு செல்லும்.

இதனோடு இரு பழங்கதைகள் ஒப்பிடத்தக்கன. முதல் நூற்றாண்டில் பிளினி, இலங்கை அரசன் ரோமானிய வெள்ளிக் காசுகளைக் கண்டு, பல்வேறு பேரரசரின் முகங்கள் இருந்தும் எடை மாறாமையை வியந்ததாக எழுதினார். ஆறாம் நூற்றாண்டில் காஸ்மாஸ், இலங்கை அரசன்முன் பாரசீகனும் சோபத்ரோஸ் என்னும் ரோமானிய வணிகனும் தத்தம் வேந்தரின் பெருமை பேசியதாக எழுதுகிறார். வேந்தர் இருவரும் இங்கேயே உள்ளனர் என்று கூறிய சோபத்ரோஸ் இரு காசுகளையும் ஒப்பிடச் செய்தான். ஒளிமிக்க ரோமானியப் பொற்காசு பாரசீக வெள்ளியை வென்றது; அவன் யானைமேல் ஏற்றி ஊர்வலம் விடப்பட்டான். வேந்தனும் அவன் உருவம் பொறித்த காசும் ஒன்றே என்னும் கருத்து இக்கதையில் முழு வலிமையோடு நிற்கிறது. சோபத்ரோஸ் காட்டுவதற்காகத் தேர்ந்தெடுத்தது பொன். அவன் கரையிறங்கிய தீவின் கடைத்தெருவில் அதற்கு முந்தைய தலைமுறைகளில் கைமாறியவையோ, தியோடோசியஸ் என்றும் ஆர்க்கேடியஸ் என்றும் எவரும் படித்தறியாத, சிறைப்பட்டவனும் தேவதையும் ஒருங்கே தேய்ந்துபோன ஒரு கிராம் செப்புக் காசுகள்.